கேழ்வரகுத் தாளும் கரும்புச் சோகையும்: எதை விற்கலாம், எதை வைத்துக்கொள்ள வேண்டும்?

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டை அடுத்து ஐந்து ஏக்கர் வைத்திருப்பதாகவும், இரண்டு ஏக்கரில் அவரையை ஊடுபயிராகக் கொண்ட கேழ்வரகு, ஒரு ஏக்கரில் நிலக்கடலை, ஒரு ஏக்கரில் கரும்பு, மீதியில் தக்காளியும் குச்சிக்கிழங்கும் (மரவள்ளி) போடுவதாகவும், கொட்டகையில் இரண்டு கலப்பினப் பசுக்கள் நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அறுவடைக்குப் பின் கிடக்கும் தாள், கொடி, சோகை (கரும்பின் காய்ந்த இலை), குச்சி அனைத்தையும் மொத்தமாக எடுத்துக்கொள்வதாக ஒரு வியாபாரி பேசுகிறார். உங்கள் மைத்துனர் எதையும் வெளியே விடாமல் மடக்கி உழச் சொல்கிறார். பயிற்சிக்குப் போன இடத்தில் காளான் வளர்க்கவும் கரி தயாரிக்கவும் சொல்லியிருக்கிறார்கள். பயிர்க்கழிவு உண்மையிலேயே பணமா, பணம் என்றால் எந்த அளவுக்கு என்பது உங்கள் கேள்வி.

நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஐந்து ஏக்கரில் உபரி என்று சொல்லத்தக்கவை கரும்புச் சோகையும் குச்சிக்கிழங்குத் தடியும் மட்டுமே. கேழ்வரகுத் தாளுக்கும் கடலைக்கொடிக்கும் அவரைப் பொட்டுக்கும் (காய் அடித்தபின் மிஞ்சும் தோலும் சருகும்) உங்கள் கொட்டகையிலேயே தேவை இருக்கிறது. அவற்றை விற்றால் அதே பொருளைக் கோடையில் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டிவரும். தக்காளிச் செடி எதற்கும் பயன்படாது என்பதோடு வயலில் விட்டுவைத்தால் தொல்லையும் தரும். இந்த முடிவுக்கு எப்படி வருகிறேன் என்பதைக் கணக்கோடு விளக்குகிறேன். வேறு பயிர் வைத்திருப்பவர்களும் தங்கள் நிலத்துக்குப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

பயிர்க்கழிவு என்றதும் செய்திகளில் பஞ்சாப், அரியானா வயல்களின் புகைதான் படமாக வருகிறது. அங்கே நெல்லை அறுத்துக் கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரமே இடைவெளி; அறுவடை இயந்திரம் சிதறிவிட்டுப் போன வைக்கோலை அதற்குள் அகற்ற வழியில்லாமல் கொளுத்துகிறார்கள்; மாட்டுக்குக் கோதுமை வைக்கோல் கிடைப்பதால் நெல் வைக்கோலை அவர்கள் பெரிதாக மதிப்பதும் இல்லை. நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி டன் பயிர்க்கழிவு உண்டாகிறது என்று மத்திய அரசின் ஆவணங்கள் சொல்வது மொத்த விளைவைப் பற்றியது. மாடு தின்றதும், கூரை வேய்ந்ததும், அடுப்பெரித்ததும் அதற்குள்ளேயே அடக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மேட்டுநிலத்தில், ஆண்டுக்கு 850 மில்லிமீட்டரை ஒட்டிய மழையில், மானாவாரியாகக் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளைவித்து, அதன் தாளை நம்பி மாடு வளர்த்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்தப் படம் பொருந்தாது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததைத் தொடர்ந்து வந்த கோடையில் வைக்கோலுக்கு அலைந்தவர்கள் எவரும் தாளைக் கழிவு என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது உங்கள் கொட்டகைக் கணக்கு. நானூறு கிலோ எடையுள்ள கறவைப் பசு ஒரு நாளைக்குத் தன் எடையில் இரண்டரை முதல் மூன்று சதவீதம் வரை, அதாவது பத்து முதல் பன்னிரண்டு கிலோ உலர்பொருள் (ஈரம் நீக்கிய தீவன எடை) தின்னும். அதில் பசுந்தீவனமும் அடர்தீவனமும் போக ஐந்து முதல் ஆறு கிலோ உலர்தீவனமாக வேண்டும். ஆண்டுக்கு ஒரு மாட்டுக்கு ஏறத்தாழ இரண்டு டன். மானாவாரிக் கேழ்வரகு நன்றாக வந்தால் ஏக்கருக்கு ஒன்றரை முதல் இரண்டு டன் தாள் கிடைக்கும். ஆக, ஒரு ஏக்கர் கேழ்வரகு ஒரு மாட்டை ஓராண்டு தாங்குகிறது. மழை குறைந்தால் அதுவும் இல்லை. உங்களிடம் இரண்டு ஏக்கர், இரண்டு மாடு. கடலைக்கொடி ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தால், பொய்த்த ஆண்டின் பள்ளத்தை நிரப்ப அது உதவும். இதில் விற்பதற்கு எங்கே இடம் இருக்கிறது?

கேழ்வரகுத் தாளை நெல் வைக்கோலோடு ஒன்றாக நினைத்து விலை பேசுவதும் தவறு. கதிர் முற்றும்போதும் கேழ்வரகின் தண்டில் பசுமை சற்று மிஞ்சியிருக்கும். நெல் வைக்கோலைக் காட்டிலும் அது எளிதாகச் செரிக்கும், சுண்ணாம்புச் சத்தும் அதில் மிகுதி. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். அதோடு ஆக்சலேட் என்ற உப்பும் இருந்து, மாடு தின்னும் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். நெல் வைக்கோலையே நம்பியிருக்கும் கறவை மாட்டுக்குத் தாது உப்புக் கலவை தவறாமல் கொடுக்கச் சொல்வது இதனால்தான். ஆனால் கேழ்வரகுத் தாளிலும் புரதம் மூன்று நான்கு சதவீதத்தைத் தாண்டாது. அதை மட்டும் போட்டால் மாடு உயிரோடு நிற்கும், பால் வராது.

தாளின் தரம் களத்தில்தான் கெடுகிறது. நம் பக்கம் களம் இல்லாதவர்கள் தார்ச்சாலையில் கேழ்வரகைப் பரப்பி, போகிற வருகிற வண்டிகளின் சக்கரத்தில் தாள் மிதிபட விடுவது வழக்கமாகிவிட்டது. தானியத்தில் சேரும் கல்லையும் மண்ணையும் முறத்தில் புடைத்து நீக்கிவிடலாம். தாளோடு சுருட்டிக்கொண்டு வரும் ஆணி, கம்பித் துண்டு, டயர்க் கம்பி ஆகியவற்றை யாரும் பொறுக்குவதில்லை. மாடு தீவனத்தை மென்று பார்த்து விழுங்குவதில்லை, வாரி உள்ளே தள்ளிப் பிறகுதான் அசைபோடும். விழுங்கிய கம்பி வயிற்றின் இரண்டாம் அறையில் தங்கி, அங்கிருந்து இதயத்தை நோக்கிக் குத்தும். கன்று ஈனும் நேரத்தில் வயிறு நெருக்கும்போது இது திடீரென்று தெரியவரும். முடிந்தவரை களத்தில் அடியுங்கள், இல்லாவிட்டால் தாளை உதறிக் கட்டுங்கள். தாளை அடுக்கும் போரைக் கருங்கல் அல்லது மரக்கட்டை அடுக்கிய மேடையில் போடுங்கள். கார்த்திகை மழை நனைத்த தாளைக் காயாமல் போரில் ஏற்றினால் நடுவில் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சையின் நஞ்சு பாலிலும் வரும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்து விவசாயிகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு: கேழ்வரகு அறுக்கும் காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து இறங்கும் யானைகள், கதிர் அடிக்காமல் அடுக்கிய போரைத் தேடி வரும். அங்கே போரை வீட்டருகே போடுவதா, கொல்லையில் (வயலில்) போடுவதா என்பதில் ஆளுக்கொரு நியாயம். வெளியிலிருந்து நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

தாளும் சோளத் தட்டும் நீளமாகப் போட்டால் மாடு நுனியைத் தின்றுவிட்டு அடித்தண்டைக் காலில் மிதித்துக் குப்பையாக்கும். தட்டு வெட்டும் இயந்திரத்தில் விரல்நீளத் துண்டாக வெட்டிப் போட்டால் அந்தச் சேதம் பெருமளவு குறையும்; பல வீடுகளில் தீவனப் பற்றாக்குறை என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இந்த மிதிபடும் பங்குதான் என்பது என் கருத்து. நெல் வைக்கோல் வாங்கிப் போட நேர்ந்தால் யூரியா பதப்படுத்தல் கைகொடுக்கும்: நூறு கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 60 முதல் 65 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி மூன்று வாரம் வைக்க வேண்டும். புரத அளவு ஏழு சதவீதம் வரை உயரும், தண்டும் மிருதுவாகும். அளவை உங்கள் விருப்பத்துக்குக் கூட்டாதீர்கள். யூரியாக் கரைசலை மாடு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். பிரித்ததும் சிறிது நேரம் ஆறவிட்டு அம்மோனியா நெடி போனபின் போடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கூடாது. ஒன்றிரண்டு மாட்டுக்கு இந்த உழைப்பு கட்டுப்படியாகுமா என்றால், கேழ்வரகுத் தாள் இருக்கும் வரை தேவையில்லை என்றே சொல்வேன்.

கடலைக்கொடி வேறு தரத்தது. இலை உதிராமல் உலர்த்திய கொடியில் புரதம் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும்; தாளோடு கலந்து போடும்போது தாளின் செரிமானமும் கூடும். அவரை, துவரை, கொள்ளு ஆகியவற்றின் பொட்டும் இதே வகை. ஆடுகள் அதற்காக ஓடிவரும். இவற்றை உரக்குழியில் கொட்டுவது என் கணக்கில் வீண்செலவு. ஆனால் கடலை பிடுங்கும் நேரத்தில் மழை பிடித்துக் கொடி கறுத்துப் பூசணம் படர்ந்திருந்தால், மனம் கேட்காவிட்டாலும் அதை மாட்டுக்குப் போடாமல் உரக்குழிக்கே அனுப்புங்கள். சோளத்தில் கவனிக்க வேண்டியது வேறு. ஐம்பது நாள் ஆகாத இளம்பயிரிலும், வாடியபின் மழை பெய்து துளிர்த்த மறுதாம்பிலும் மாட்டைச் சாய்க்கும் அளவுக்குச் சயனைடு நஞ்சு இருக்கலாம்; கதிர் முற்றி அறுத்து உலர்ந்த தட்டில் அந்தப் பயம் இல்லை. குச்சிக்கிழங்கின் இலைக்கும் தோலுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். பச்சையாகப் போடாமல் நறுக்கிக் காயவைத்து, சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளிலிருந்து கிழங்குச் சக்கையாக வரும் திப்பி மாவுச்சத்து நிறைந்தது, புரதம் அதில் மிகக் குறைவு. புண்ணாக்கின் இடத்தை அது பிடிக்காது.

இனி மைத்துனர் சொல்வதைப் பார்ப்போம். மண்ணுக்குக் கழிவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் வேறுபாடு இல்லை. நம் செம்மண்ணில் கரிமச்சத்து பெரும்பாலும் குறைவு என்ற வகையில், அதாவது அரை சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் ஒருமுறை மடக்கி உழுதால் மண் மாறிவிடும் என்ற எதிர்பார்ப்பைக் கணக்கு ஆதரிக்கவில்லை. ஒரு ஏக்கரின் மேல்மண், அரை அடி ஆழத்துக்கு, ஏறத்தாழ ஒன்பது லட்சம் கிலோ எடை. அதில் கரிமம் 0.1 சதவீதம் உயர வேண்டுமானால் 900 கிலோ கரிமம் மண்ணில் நிலைத்து நிற்க வேண்டும். ஒரு டன் தாளில் உள்ள கரிமம் சுமார் 400 கிலோ. அதில் பெரும்பகுதி நுண்ணுயிர்கள் உண்டு மூச்சாக வெளியே போய்விடும், இரண்டு மூன்று ஆண்டுக்குப் பின் மண்ணில் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலோதான். அதாவது பதினைந்து, இருபது டன் தாளை உள்ளே போட்டால் அந்த 0.1 சதவீதம் கிடைக்கும். உங்கள் இரண்டு ஏக்கரும் ஆண்டுக்கு மூன்று, நான்கு டன்தான் தருகின்றன. மண்ணில் நிலைக்கும் கரிமத்தில் பெரும்பங்கு அறுக்கும்போது உள்ளேயே தங்கிவிடும் வேரிலிருந்தும் அடிக்கட்டையிலிருந்தும் வருவது; அதை யாரும் விலைபேசி எடுத்துப்போக முடியாது என்பது ஓர் ஆறுதல். கூலிக்கு அஞ்சி வேரோடு பிடுங்குவதையும், தரையை ஒட்டி அறுப்பதையும் விட்டுவிட்டு, ஒரு சாண் அடிக்கட்டையை நிறுத்தி அறுத்தால் மாட்டுக்கும் பெரிய இழப்பில்லை, மண்ணுக்கும் அது சேரும்.

உலர்ந்த தாளை உழுது உடனே விதைப்பவர்கள் இன்னொரு சிக்கலையும் சந்திப்பார்கள். தாளில் கரிமம் மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. கேழ்வரகு, நெல் ஆகியவற்றின் தாளில் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் ஐம்பது முதல் எண்பது பங்கு வரை இருக்கும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்குப் போதாத தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். புதிதாக முளைத்த பயிர் மூன்று நான்கு வாரம் வெளிறி நிற்கும். விவசாயி விதையையோ கடைக்காரரையோ குறை சொல்வார். மழைக்கு முன் உழுது ஒரு மாதம் இடைவெளி விட்டாலும், கொள்ளு போன்ற பயறுவகையின் தழையோடு சேர்த்து உழுதாலும் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

வியாபாரியிடம் பேசுவதற்கு முன் தாளோடு என்ன போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு டன் நெல் வைக்கோலில் தழைச்சத்து 5 முதல் 8 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏறத்தாழ 2 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 14 முதல் 20 கிலோ. ஐம்பது கிலோ பொட்டாஷ் மூட்டையில் இருப்பது 30 கிலோ சாம்பல்சத்து. ஆகவே ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோலை ஏற்றி அனுப்புகிறவர் ஒரு மூட்டைப் பொட்டாஷையும் உடன் அனுப்புகிறார். அடுத்த பயிருக்கு அந்த மூட்டையை வாங்கிப் போடுபவர் நம்மில் எத்தனை பேர்? கொளுத்துவது இதைவிட மோசம். தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போகும், மணிச்சத்தில் கால்பங்கும் சாம்பல்சத்தில் ஐந்தில் ஒரு பங்கும் காற்றில் இழக்கப்படும், மிஞ்சும் சாம்பல் முதல் மழையில் சரிவில் இறங்கும்.

மாட்டுக்குப் போட்டால் மண்ணுக்கு இழப்பு என்று மைத்துனர் நினைக்கிறார் போலிருக்கிறது. அது பாதிதான் உண்மை. மாடு தின்ற தழைச்சத்தில் முக்கால் பங்கு வரை சாணத்திலும் கோமியத்திலும் திரும்பி வருகிறது, அதில் ஏறத்தாழ சரிபாதி கோமியத்தில். சாம்பல்சத்துக்கும் கோமியமே முதன்மை வழி. நாம் சாணத்தை அள்ளிக் குழியில் சேர்த்துவிட்டு, கோமியத்தைத் தெருச் சாக்கடைக்கு விடுகிறோம். கொட்டகைத் தரையைச் சற்றுச் சரிவாக்கி, ஒரு வாய்க்கால் வழியாக எருக்குழிக்கே கோமியம் போகும்படி செய்து, மாடு மிதித்த தாளையும் அங்கேயே கொட்டினால், தாளை வயலில் மடக்கி உழுவதைக் காட்டிலும் இந்தச் சுற்றுவழி லாபமானது. நடுவில் பாலும் கிடைக்கிறது. குழியைத் திறந்தவெளியில் வெயிலில் விடாமல் நிழலில் வைத்து மேலே மண் பூசினால் தழைச்சத்து ஆவியாவதும் குறையும். மக்காத எருவைக் கடலைக் கொல்லையில் போட்டால் வேர்ப்புழு வரும். பக்கத்தில் தென்னை இருந்தால் எருக்குழியில் காண்டாமிருக வண்டின் புழுக்கள் உள்ளனவா என்று கிளறிப் பார்க்கவும் வேண்டும்.

கரும்புச் சோகையில்தான் உங்களுக்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறது. ஏக்கருக்கு மூன்று முதல் நான்கு டன் சோகை விழும். நுனிக்கொழுந்தைத் தவிர மாடு அதைத் தொடாது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து வளரும் கட்டைக்கரும்பு சீராகத் துளிர்க்கும் என்று சொல்லிப் பலர் கொளுத்திவிடுகிறார்கள். கொளுத்தாமல் செய்யக்கூடியவற்றில் எளிதானது, பாருக்கிடையே (கரும்பு வரிசைகளுக்கு நடுவே) மண்ணை மூடும் மூடாக்காகப் பரப்புவது. நீர் ஆவியாவது குறையும், களை அடங்கும், இளங்குருத்துப் புழுவின் தாக்குதலும் தணியும். கிணற்றில் நீர் இறங்கிக்கொண்டிருக்கும் இந்தப் பகுதியில் முதல் பயன் ஒன்றே போதுமான காரணம். எல்லாப் பாரிலும் போட்டால் நீர் பாய்ச்சவும் மண் அணைக்கவும் சிரமம். ஒன்றுவிட்டு ஒரு பாரில் போடுவது நடைமுறைக்கு ஏற்றது. கரையான் மிகுந்த செம்மண்ணாக இருந்தால் கவனம் தேவை. காய்ந்த சோகைக்கு வரும் கரையான் கரும்புக்கும் ஏறும். இதே மூடாக்கு, மாமரத்தின் பாத்திக்கும் நன்றாகப் பொருந்தும். போச்சம்பள்ளி, காவேரிப்பட்டினம் பக்கத்துத் தோப்புகளில் கோடை நீர் மிச்சப்பட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

சோகையை மக்கவைக்க விரும்பினால் ஒரு சிறு கணக்கு உதவும். ஒரு டன் உலர்ந்த சோகையில் கரிமம் 400 கிலோ, தழைச்சத்து 4 கிலோ, நூற்றுக்கு ஒன்று. நன்றாக மக்க முப்பதுக்கு ஒன்று வேண்டும், அதாவது 13 கிலோ தழைச்சத்து. குறையும் 9 கிலோவை யூரியாவால் மட்டும் ஈடுகட்ட வேண்டுமானால் ஏறத்தாழ 20 கிலோ தேவைப்படும். சாணமும் கோமியமும் சேர்த்தால் யூரியா வெகுவாகக் குறையும். நம் பகுதியில் இதற்கு இன்னொரு நல்ல துணை இருக்கிறது: பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் குவியும் புழு எச்சமும் மிச்ச மல்பெரி இலையும். தழைச்சத்து மிகுந்த அந்தக் கழிவையும் கரிமம் மிகுந்த சோகையையும் ஒரே குழியில் சேர்ப்பது இரண்டுக்கும் நல்லது. புழு நோய்ப்பட்டு இறந்த படுக்கையை மட்டும் சேர்க்காதீர்கள். சோகையைத் துண்டாக்காமல் நீளமாக அடுக்கினால் ஓராண்டானாலும் நரம்பு நரம்பாகக் கிடக்கும். வெட்டிப் போட்டு, கையில் பிழிந்தால் நீர் சொட்டாமல் கசியும் ஈரத்தில் வைத்து, இரண்டு மூன்று முறை புரட்டினால் மூன்று நான்கு மாதத்தில் எருவாகும்.

தக்காளிச் செடியை மாட்டுக்கும் போடக்கூடாது, மடக்கியும் உழக்கூடாது. இலைச்சுருட்டு வைரசைப் பரப்பும் வெள்ளை ஈ, வாடல் நோய்க் கிருமி, ஊசித்துளைப்பான் புழு எல்லாம் முடிந்த செடியில்தான் அடுத்த நடவுக்குக் காத்திருக்கும். கடைசிப் பறிப்பு முடிந்ததும் பிடுங்கி, வயலுக்கு வெளியே ஆழக் குழியில் புதைப்பது நல்லது. நோய் கடுமையாக வந்த வயலின் செடியை மட்டும் எரிப்பதில் தவறு காண மாட்டேன். பருத்தி போடுபவர்கள் மாரை (காய்ந்த செடித்தண்டை) வேலியோரம் மாதக்கணக்கில் அடுக்கி வைப்பதும் இதைப் போன்றதே. இளஞ்சிவப்புக் காய்ப்புழு வெடிக்காத காய்களில் தங்கி அடுத்த பட்டத்துக்கு வரும். குச்சிக்கிழங்குத் தடியில் விதைக்குச்சி போக மீதி நிறையக் கிடக்கும். 2020இல் இந்தியாவுக்குள் நுழைந்த மரவள்ளி மாவுப்பூச்சி இந்தத் தடிகளின் வழியாகவே ஊர்விட்டு ஊர் போனது. பூச்சி கண்ட கொல்லையின் தடியை யாருக்கும் கொடுக்காமல் அங்கேயே அழித்துவிட வேண்டும். சுத்தமான தடிக்கு அடுப்பும், கரி சுடுவதும்தான் பயன்.

பயிற்சியில் சொன்ன இரண்டில் கரி சுடுவது இத்தகைய கட்டைகளுக்குப் பொருந்தும், தாளுக்கு அல்ல. தடி, துவரை மிளாறு, மாமரக் கவாத்துக் குச்சி ஆகியவற்றைக் காற்றைக் கட்டுப்படுத்திச் சுட்டால் எடையில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கரியாக நிற்கும். அந்தக் கரிமம் நெடுங்காலம் மண்ணில் இருக்கும் என்பது உண்மை. தழைச்சத்தில் பெரும்பகுதி சுடும்போதே போய்விடும் என்பதும் உண்மை. ஆகவே கரியை உரம் என்று நினைக்காமல், சாணத்திலும் கோமியத்திலும் ஊறவைத்து எருவோடு சேர்த்துப் போட வேண்டும்.

காளான் நல்ல தொழில்தான், ஆனால் அதில் செலவாவது தாளைவிட உழைப்பும் சுத்தமும். ஓசூர், தளி பக்கத்துக் குளிர்ச்சி சிப்பிக் காளானுக்கு ஏற்றது. பாலக்கோட்டில் கோடை மாதங்களில் குடிலை 25 டிகிரியை ஒட்டி வைத்திருப்பது எளிதல்ல. நறுக்கிய வைக்கோலை ஊறவைத்து, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவைத்து, ஈரம் அறுபது சதவீதத்துக்கு வடித்துப் பையில் அடுக்க வேண்டும். இதில் ஒருநாள் சோம்பினால் பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும். பறித்த காளானை மறுநாளைக்குள் விற்க வேண்டும். உங்கள் மூன்று, நான்கு டன் தாளைக் கரைக்க வேண்டும் என்பதற்காக இதில் இறங்காதீர்கள்; அருகில் வாங்கும் கடைகளும் வீட்டில் அன்றாடம் கவனிக்க ஆளும் இருந்தால், தேவையான வைக்கோலை வாங்கியே தொடங்கலாம். காளான் எடுத்த படுக்கை கடைசியில் எருக்குழிக்கே வரும்.

எரிபொருள் ஆலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அரியானாவின் பானிபட்டில் 2022 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட எத்தனால் ஆலை, ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து மூன்று கோடி லிட்டர் எடுக்கும்படி அமைக்கப்பட்டது. நம் கேழ்வரகுத் தாளின் கணக்கில் அது ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தின் மொத்தத் தாள். அப்படியொரு ஆலை இங்கே வந்தால் அதற்குப் போட்டியாக நிற்பது மாடுதான். வைக்கோல் கட்டாமல் கிடந்தால் ஒரு டன்னுக்குப் பன்னிரண்டு முதல் இருபது கன மீட்டர் இடம் பிடிக்கும். லாரி நிறைந்திருக்கும், எடை இருக்காது. நெல் வைக்கோலின் சாம்பலில் உள்ள பொட்டாசியமும் சிலிக்காவும் கொதிகலனில் உருகிக் கட்டியாகப் படியும். அதனால் ஆலைக்காரர்களும் அதை விரும்பி எடுப்பதில்லை, கடலைத் தோல், பருத்தி மார், மரத்தூள் ஆகியவற்றுக்கே முதலிடம். கட்டியாக அழுத்தி விற்கும் தொழிலுக்கு நம் பகுதியில் இடம் உண்டென்றால் அது இத்தகைய பொருள்களிலும் சோகையிலும்தான். மாம்பழக் கூழ் ஆலைகளில் பருவம்தோறும் மலைபோல் குவியும் கொட்டையும் தோலும் இன்னொரு பெரிய வளம்; அது ஆலைக்காரர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் என்பதால் இங்கே விரிக்கவில்லை.

கணக்கில் வராத ஒரு தரப்பையும் சொல்ல வேண்டும். அறுத்த கொல்லையில் ஊர்க்காரர்களின் ஆடுமாடு மேய்வதும், ஆட்டுக்காரர்கள் பட்டி அடைப்பதும், அறுப்புக்கு வந்தவர்கள் ஒரு கட்டுத் தாள் எடுத்துப்போவதும் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. நிலமில்லாமல் ஒரு பசுவோ நான்கு ஆடோ வைத்திருப்பவர்களுக்கு அதுவே தீவனம். உங்கள் நிலத்துக்கு அதன் ஈடாகப் புழுக்கை கிடைக்கிறது. வியாபாரி தரையைச் சுரண்டி எடுத்துப்போனால் அடுத்த அறுப்புக்கு ஆள் கூப்பிடும்போது அதன் விலை தெரியும்.

ஆகவே வியாபாரியிடம் சோகைக்கு மட்டும் விலை பேசுங்கள், அதிலும் பாதியை. கட்டுக்கணக்கில் பேசாமல் எடைக்குப் பேசுங்கள். கட்டின் அளவை இயந்திரக்காரர் தன் வசதிக்குக் குறைக்கவும் கூட்டவும் முடியும். வெட்டிய மறுநாளே எடைபோட்டால் ஈரத்துக்கும் சேர்த்து அவர் பணம் கொடுக்க நேரும் என்பதால் காயவைக்கச் சொல்வார். அதற்கு ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் எத்தனை நாளுக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள், தாமதமானால் கட்டைக்கரும்புக்கு முதல் தண்ணீர் விடுவது தள்ளிப்போகும். கட்டும் இயந்திரத்தோடு டிராக்டர் இறங்கும்போது நிலம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மண்ணில் சக்கரம் ஏறினால் அடிக்கட்டை நசுங்கி, சோகையில் வந்த பணத்தைவிடக் கூடுதலாகத் துளிரில் இழப்பீர்கள்.